தங்கமணி பெயரில் ஒரு புட்டி

லுவார் நதிக்கரை, பிரான்சு
9 நவம்பர் 1924

என் கண்ணான நாகரத்தினத்துக்கு,

நான் சுகம். குளிர்தான் எலும்பைக் குடைகிறது. ரங்கூனில் ஒயின் ஏஜெண்டாக இருந்தபோது என் கைச் சமையலைச் சாப்பிட்ட நம் துரை, தகப்பனார் காலமானபின் இங்கே திராட்சைத் தோட்டத்துக்கு முதலாளி. என்னை அடுப்படியிலிருந்து நிலவறைக்கு மாற்றிவிட்டார்.

வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பறித்த அன்றே பிழிய வேண்டும். தோலோடு ஊறினால் துவர்ப்பு இறங்கிவிடும். பிள்ளைக்குத் தலை துவட்டுவது போல மெல்லப் பிழிகிறார்கள். மரம் குடித்துக் குறைந்த பீப்பாயை ஊற்றி நிரப்புவது என் வேலை. கொஞ்சம் இடம் விட்டாலும் காடியாகிவிடும்.

இந்த வீட்டில் பெண் பிறந்தால் அந்த வருஷத்து ஒயினில் ஒரு புட்டியை அவள் பெயரில் ஒதுக்கி வைப்பார்கள். கல்யாணத்தன்று தகப்பன் கையால் திறக்க வேண்டும். நாலு தலைமுறை வழக்கம். நம் தங்கமணிக்கும் வைக்கச் சொன்னார் துரை! பெயரைத் தமிழில் நானே எழுதினேன். இங்கேயே நிரந்தரமாக இருந்துவிடச் சொல்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

உன் நல்லப்பன்

பசுந்தாங், ரங்கூன்
20 டிசம்பர் 1924

அன்புள்ள அத்தானுக்கு நாகரத்தினம் வணக்கம்.

நாலு தலைமுறையானாலும் என் அப்பாவுக்கு அது சாராயக் கடைதான். புட்டி சங்கதியை அவரிடம் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

ஒரு அறுவடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனீர்கள். இரண்டு முடிந்துவிட்டது. பீப்பாயில் கொஞ்சம் இடம் விட்டாலும் கெட்டுவிடும் என்கிறீர்கள். இந்த வீட்டில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள், அத்தான்?

தங்கமணி பர்மாக்காரர்களின் மீன்சேவை மொஹிங்கா என்றால் ஓடி வருகிறாள், ரசஞ்சாதத்துக்கு வாயை மூடிக்கொள்கிறாள். உங்கள் கடிதம் வரும்போதெல்லாம் "அப்பா வந்தாச்சு" என்று அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நேற்று தபால்காரர் பர்கத்துல்லாவின் காலைக் கட்டிக்கொண்டு "அப்பா, அப்பா" என்கிறாள். பாவம், அந்த மனுஷன் கூசிப்போய், "நான் அப்பா இல்லே தாயி, அப்பா சீமையிலே இருக்காரு" என்றார். அவள் விடவில்லை. தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே வந்துதான் அழுதேன்.

என்ன சொல்கிறாய் என்று கேட்டீர்களே, சொல்லிவிட்டேன்.

உங்கள் நாகரத்தினம்

மார்சேல்ஸ் துறைமுகம்
12 பிப்ரவரி 1925

என் நாகரத்தினம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பீப்பாய் நிரப்பப் போனேன். தரையில் ஊற்றிக்கொண்டிருந்தேனாம். துரை ஓடிவந்து கையைப் பிடித்தார். தபால்காரர் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் அவரே ரயிலடிவரை வந்து வழியனுப்பினார்.

புட்டி அங்கேயே இருக்கட்டும். யாரும் கிட்டே போகாமல் இருட்டில் கிடந்தால்தான் அது நன்றாக வருமாம். பிள்ளை அப்படியில்லை என்பது எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை.

இந்தக் கடிதம் இன்றைய கப்பலில் போகிறது, அடுத்ததில் நான். இதைப் பார்த்தும் தங்கமணி தபால்காரரிடம்தான் ஓடுவாள். தடுக்காதே. என்னைப் பார்த்து யாரோ என்று அழுதால் அதட்டாதே. அவளாக என்னிடம் வரும்வரை நான் பர்கத்துல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

உன் நல்லப்பன்