இருபது மூட்டை, ஒரு பல்லி

அக்கா, இன்று காலை யாரோ ஒருவர் உங்கள் பல்லியை எடுத்துவிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. போனிலிருந்து செய்தி அனுப்ப நான் எழுதிய நம்முடைய புரோகிராம் லைப்ரரியை அவர் வேலை பார்க்கும் இடத்தில் பயன்படுத்துகிறார்களாம். அது சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக உள்ளே ஒரு சோதனைச் செய்தி வைத்திருக்கிறேன் இல்லையா, 'இருபது மூட்டை, ஒரு பல்லி' என்று? அதைப் பார்த்திருக்கிறார். மொழி புரியாமல் யாரிடமோ கேட்டிருக்கிறார். அர்த்தம் தெரிந்த பிறகு இன்னும் அதிகமாகக் குழம்பிவிட்டார். இதற்குப் பதிலாக முறையான செய்தி ஒன்றைப் போடக் கூடாதா என்கிறார். முறையான செய்தியாம்! குன்னூரில் பேக்கரிக்கு மேலே இருக்கும் என் அறையில், கீழே வர்க்கி வேகும் வாசனையில், தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

தேயிலைக்கு விலை விழுந்து கிடந்த சமயத்தில்தான் நான் கூடலூர் பக்கம் ஓவேலிக்கு வந்தேன். தூள் விற்காமல் ஃபேக்டரி குடோனில் கூரை வரை அடுக்கியிருந்தது. ஒரு நாளைக்கு இத்தனை மூட்டைப் பச்சை இலைதான் எடுப்போம், அதற்குமேல் வந்தால் லாரியோடு திருப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். எந்தக் கொட்டகையில் எவ்வளவு இலை நிறுத்து லாரியில் ஏறியது என்று உடனுக்குடன் தெரிய வேண்டும். அதற்குப் புரோகிராம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். கீழ்க் கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றிருந்தீர்கள். இலங்கைத் தோட்டத்திலிருந்து உங்கள் அப்பா அம்மாவோடு வந்த பேச்சு உங்களிடம் அப்படியே இருந்தது. நாங்கள் இலை என்போம், நீங்கள் கொழுந்து என்பீர்கள்.

லைப்ரரி என்றால் கடையில் வாங்கும் இட்லி மாவு மாதிரி, ஒருவர் அரைத்து வைத்தால் யார் வேண்டுமானாலும் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம் என்று விளக்கினேன்.

"புளிக்காம இருந்தாச் சரி" என்றீர்கள்.

செய்தி யாரிடமிருந்து யாருக்குப் போனாலும் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்று போனில் நான்கு கட்டங்களைக் காட்டினேன். செய்திக்கு என்ன நம்பர், எங்கிருந்து, என்ன நடந்தது, எப்போது. அதற்குக் கீழே விவரம்.

"கொழுந்து ஏத்தியாச்சுன்னா ஏத்தியாச்சு. அதுக்கு இம்புட்டு ஜாதகமா, மேடம்?"

ஆனாலும் அனுப்பினீர்கள். விவரம் என்ற இடத்தில் இருந்ததுதான் இருபது மூட்டையும் ஒரு பல்லியும்.

"ஏனுங்க, பல்லி எதுக்குங்க?"

"தராசுல ஏறி ஒக்காந்திருக்கே. இருக்கிறதைத்தானே போடச் சொன்னீங்க?"

எட்டிப் பார்த்தேன். உட்கார்ந்துதான் இருந்தது. அன்றே அந்தச் செய்தியை என் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்தே நீங்கள் எனக்கு அக்கா. என் அம்மா போனில் என்னை 'அம்மிணி' என்று கூப்பிட்டது உங்கள் காதில் விழுந்துவிட்டது. மேடம் போய் நானும் அம்மிணி ஆகிவிட்டேன்.

இரண்டாவது மாதம் வந்தது வினை. மூடுபனி இறங்கிவிட்டால் உங்கள் கொட்டகையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஃபேக்டரியிலிருந்து 'கிடைத்தது' என்று பதில் வராவிட்டால் போன் தானாகவே மறுபடி அனுப்பும்படி நான் எழுதியிருந்தேன். அது வரைக்கும் சரிதான். ஆனால் மறுபடி அனுப்பும்போதெல்லாம் அதே நம்பரைப் போடாமல் புது நம்பர் போட வைத்திருந்தேன், மண்டு! அன்றைக்கு உங்கள் இருபது மூட்டை முதல் தடவையே போய்ச் சேர்ந்துவிட்டது. பதில்தான் வழியில் தொலைந்தது. போன் இன்னும் இரண்டு தடவை அனுப்பியது. ஃபேக்டரியில் அது அறுபது மூட்டை ஆகிவிட்டது. இன்றைக்குப் போதும் என்று மேல் கொட்டகை லாரியைத் திருப்பிவிட்டார்கள். அவர்கள் பறித்த கொழுந்து மூட்டைக்குள்ளேயே சூடேறிச் சிவந்து, சாயங்காலம் ஓடையோரத்தில் கொட்டப்பட்டது.

இடம் பிடிப்பதற்காக மூன்று மடங்கு எழுதிய கள்ளி என்று உங்களைப் பேசினார்கள். அடுத்த நாள் எனக்குப் போன் செய்தீர்கள்.

"அம்மிணி, நான் ஒருக்காத்தான் அமுக்கினேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பதட்டத்துல மூணு தடவை அமுக்கியிருப்பீங்கக்கா." இதை எழுதும்போதுகூடக் கூசுகிறது.

நீங்கள் கத்தவில்லை. "நிறுக்கிறவ பேரு கெட்டுப்போச்சுன்னா தராசு எதுக்கு? ஒங்க கம்ப்யூட்டரைக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டீர்கள்.

கேட்டேன். அரை மணி நேரத்தில் அது என்னைக் காட்டிக்கொடுத்தது. ஃபேக்டரி மேனேஜர் நல்ல மனிதர்தான். "நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லிரலாமுங்க, மலையில எல்லாரும் நம்புவாங்க" என்றார். எனக்கும் ஆசைதான். பொய்யும் இல்லை, பாதி உண்மை. ஆனால் நெட்வொர்க் என்று சொன்னால், அதைச் சாக்காக வைத்துத் தப்பித்தாள் என்றல்லவா உங்களைப் பேசுவார்கள்? மறுநாள் முதல் பஸ் பிடித்துக் கூடலூர் வந்தேன்.

நான் எழுதி வந்த மன்னிப்பை பஸ் ஸ்டாண்டிலேயே வாங்கிப் படித்தீர்கள். இரண்டு பக்கம்.

"இதுல ஒங்க வருத்தந்தான் இருக்கு. நடந்தது எங்க இருக்கு? எந்த நம்பர், எந்த எடம், என்னா நடந்துச்சு, எப்ப. நீங்க போட்ட கட்டந்தானே? அம்புட்டும் சொன்னாப் போதும். அழுவ வேற ஏலாது, எல்லாருக்கும் வேலை கெடக்கு."

மேல் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் நின்றேன். முந்தாநாள் மத்தியானம், கீழ்க் கொட்டகையில் இருபது மூட்டை ஏறியது. நீங்கள் ஒரு தடவைதான் அனுப்பினீர்கள். அதை மூன்று நம்பராக்கியது நான் எழுதிய புரோகிராம். அவர்கள் கொழுந்து போனது என்னால்தான். இவ்வளவுதான் சொன்னேன்.

தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ, கள்ளி நீதானா?"

"ஆமாங்க."

"பாத்தா அப்படித் தெரியலையே!"

கொட்டகையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் திட்டினார்கள், நன்றாகவே திட்டினார்கள். ஒரு வாரத்துக்கு அவர்கள் கொழுந்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று நாம் இரண்டு பேரும் போய் ஃபேக்டரியில் கேட்டு வாங்கினோம். அந்தப் பெரியம்மா உங்கள் கையைப் பிடித்து என்னவோ சொன்னார். நீங்கள் வேகமாகக் கொண்டை ஊசியை உருவி மறுபடி செருகிக்கொண்டீர்கள்.

உங்களைச் சந்தேகப்பட்டதற்கு நான் தனியாக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் நீங்கள் விடவே இல்லை. அதற்குப் பதிலாக, நான் வரும்போதெல்லாம் சாயாவை நீட்டி, "இது ஒண்ணாம் நம்பர்" என்பீர்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு டம்ளர். "இதுவும் ஒண்ணாம் நம்பர்தான், ஒங்களுக்குக் கெடையாது" என்று நீங்களே குடித்துவிடுவீர்கள். எத்தனை வருடம், அக்கா! அலுக்கவே இல்லையே உங்களுக்கு.

இப்போது லைப்ரரி உங்கள் பல்லிச் செய்தியை மூன்று தடவை அனுப்பிப் பார்க்கும். ஒரே நம்பர் என்றால் முதலாவதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட வேண்டும். விட்டால்தான் தேர்ச்சி.

நீங்கள் போன சேதி எனக்கு மூன்று தடவை வந்தது. முதலில் ஃபேக்டரி குரூப்பில். அப்புறம் லாரி டிரைவர். அப்புறம் உங்கள் மகள். ஒரே சேதி, ஒரே நம்பர். விட்டுவிடு என்று உலகத்துக்கெல்லாம் எழுதிக் கொடுத்த எனக்கு ஒன்றையும் விட முடியவில்லை. மூன்று தடவையும் முதல் தடவையாகத்தான் வந்தது. துக்கத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில், நீங்கள் என்னைவிட எட்டு மாதம் இளையவர் என்று உங்கள் மகள் சொன்னாள். இத்தனை வருடம் அக்கா என்று கூப்பிட விட்டு வேடிக்கை பார்த்திருக்கிறீர்களே! எழவு வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

எனக்கு இன்னும் எதையும் சுருக்கமாகச் சொல்ல வராது; இந்தக் கடிதமே சாட்சி. ஆனால் ஏதாவது தப்புச் செய்துவிட்டால், வருத்தத்தை ஓரமாக வைத்துவிட்டு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு மட்டும் பழகிவிட்டது.

பல்லியை எடுக்கச் சொன்ன அந்த மனிதருக்கும் அப்படியே பதில் எழுதிவிட்டேன். எந்த இடம், என்ன நடந்தது, எப்போது என்று நான்கே வரி. கடைசி வரி: "எடுக்க முடியாது. பல்லி தராசில் இருந்தது. நானும் பார்த்தேன்."