எட்டு பார், ஒரு கிளிப்

இந்தக் கிளிப் கழல மாட்டேன் என்கிறது. துருப்பிடித்து, பியானோ நோட்ஸின் இரண்டு பக்கங்களைக் கடித்துக்கொண்டிருக்கிறது. ஆறு மணிக்கு மேடை. இப்போது ஐந்தரை. போன வருடப் போட்டிக்கு முன் நாம் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் இருக்கிறேன். கிளிப்பை மாட்டியவன் நான்தான். அன்றைக்குப் பிறகு இன்றுதான் தொடுகிறேன்.

கௌதள்ளியிலிருந்து மைசூருக்குப் படிக்க வந்த உனக்கு அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்ததோ. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய, யாரும் சீந்தாத பியானோ கான்செர்ட்டோக்களைத் தேடிக் கேட்பாய். ஸ்டாப்வாட்ச் வைத்து ஒவ்வொரு பாகத்தையும் அளந்து கிராஃப் நோட்டில் வரைவாய். முதல் பாகம் அண்டா, நடுப் பாகம் ஸ்பூன், கடைசிப் பாகம் குடம். இதென்ன சங்கீதமா, பாத்திரக் கடையா என்று கேட்டேன். நீ சிரிக்காமல் ஸ்பூனுக்கு வண்ணம் அடித்தாய்.

நாம் எடுத்ததும் அப்படி ஒன்றுதான். பதின்மூன்று நிமிடம், மூன்று, ஏழு. பியானோ எனக்கு, ஆர்கெஸ்ட்ராவின் வேலையெல்லாம் இரண்டாவது பியானோவில் உனக்கு. போட்டியில் இருபது நிமிடம் தாண்டினால் மணியடித்து நிறுத்திவிடுவார்கள். மூன்று நிமிடம் போயாக வேண்டும். ஸ்பூனைத் தூக்கிவிடலாம் என்றேன். முதல் பாகத்தில் நான் தனியாக வித்தை காட்டும் மூன்று நிமிடத்தைத் தூக்கு என்றாய்.

நடுப் பாகம் உன்னுடைய எட்டு பாரோடு தொடங்கும். முழுக் கான்செர்ட்டோவிலும் நீ மட்டும் வாசிக்கும் எட்டுத் தாளக் கட்டம். "எட்டு பாரா, எட்டிப் பாரா?" என்று கிண்டல் செய்தேன்.

"எனக்காவச் சொல்லலடா," என்றாய். "மொதப் பாகம் அவ்ளோ கத்துதே, அதுக்கப்பறம் இதுலதான் மூச்சு விடுது. மூச்சப் புடுங்கிட்டு என்னத்த ஓடுவ?"

சரி என்றேன். மேடைக்கு அரைமணி முன்பு உனக்குத் தெரியாமல் நடுப் பாகத்தின் இரண்டு பக்கத்துக்கும் கிளிப் மாட்டிவிட்டு, நோட்ஸை இதே பெஞ்சில் போட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

மேடையில், வெட்டியிருக்க வேண்டிய என் மூன்று நிமிடம் வந்தது. வெட்டாமல் வாசித்தேன். உன் கைகள் விசைகளுக்கு மேலேயே நின்றன. மூன்று நிமிடமும் நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. முதல் பாகம் முடிந்ததும் மெதுவாகச் சொன்னாய்: "தடி."

வீட்டில் தமிழ் பேசினாலும் அவசரத்தில் உனக்குக் கன்னடம்தான் வரும். தடி என்றால் பொறு. எனக்குத் தெரியாதா? இருந்தும் ஒவ்வொரு முறையும் "யாரைத் தடிங்கற, நீதான் தடி" என்பேனே, அன்றும் உதட்டை அசைத்து அதையே சொல்லிவிட்டுக் கடைசிப் பாகத்துக்குத் தாவினேன். அரை பாருக்குள் என்னைப் பிடித்துவிட்டாய். மணி அடிக்கவில்லை. முதல் பரிசு நமக்கு.

நான்கு நாள் நீ பேசவில்லை. மன்னிப்பை எப்படி வேடிக்கையாகக் கேட்பது என்று நானும் நான்கு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள் உனக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். அடுத்த வாரம் கௌதள்ளியில் உங்கள் வீட்டு வாசலில் நின்றபோது உன்னைப் பாடையில் தூக்கிப் போனார்கள்.

கிளிப் கழன்றுவிட்டது.

உன் பென்சில் எழுத்து. நம் தமிழ், நீ எப்போதும் எழுதுவதுபோல் கன்னட எழுத்தில்: "கிளிப்பப் பாத்தேன். எப்படியும் நீ தொறப்பேன்னு தெரியும். எட்டிப் பாத்துட்டல்ல? இப்ப தடி."

மேடைக்குப் போகும் முன்பே பார்த்திருக்கிறாய். பார்த்தும் என்னை நம்பித்தான் அந்தப் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறாய்.

ஐந்து ஐம்பது. இன்று அதே போட்டியில் உன் இடத்தில் நம் பியானோ டீச்சர் வாசிக்கிறார். என் மூன்று நிமிடத்தைச் சிவப்பு மையில் அடித்துக் காட்டினேன். "நிஜமாவா, இல்ல விளையாட்டா?" என்று சந்தேகமாகக் கேட்டார். கேட்கத்தானே செய்வார். அங்கே போனதும் கைகள் தாவிவிடுமோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

கூப்பிடுகிறார்கள். கிளிப் சட்டைப் பையில். உன் எட்டு பார் முடிகிறவரை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தடிக்கிறேன். தமிழில் அதற்கு வேறு அர்த்தம். இருக்கட்டும்.