காலி ஆணியும் கூலிங் கிளாஸ் எருமையும்

எருமைப் படம் வாங்கிப் பித்தளை அண்டாவுக்குள் ஒளித்துவைத்த என் அண்ணிக்கு,

ஜெயித்துவிட்டோம். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உங்கள் படங்கள் நான்கும் நம் கூடத்துச் சுவரில் ஏறிவிட்டன. நீங்கள் பயந்த அந்தக் காலி ஆணி இப்போது அங்கே இல்லை.

நம் கூடத்துத் தெற்குச் சுவர் உங்களுக்குத் தெரியாததா? தாத்தா, பெரியப்பா, அம்மா, அப்பா என்று, போனவர்கள் எல்லாம் போன வரிசையில் மாலையும் பொட்டும் சீரோ வாட் பல்புமாக இருப்பார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எல்லோரையும் இறக்கித் துடைத்து, வரிசை மாறாமல் திரும்ப மாட்டுவோம். அப்பா படத்தை மாட்ட வந்த ஆசாரி கைவேகத்தில் பக்கத்திலேயே இன்னொரு ஆணியையும் அடித்துவிட்டுப் போனார். அதைக் காட்டி, "அது யாருக்காம்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தீர்கள். நானும்தான் சிரித்தேன்.

எதிரே வடக்குச் சுவர் மொட்டையாகக் கிடந்தது. எந்நேரமும் போனவங்க முகத்தையே பார்த்துக்கிட்டுச் சோறு திங்கிறதா என்று நீங்கள் அடிக்கடி அலுத்துக்கொள்வீர்கள். அப்புறம் ஒரு நாள், யாரோ ஒரு பெண் வரைந்து அச்சடித்து விற்கிற படங்களைச் செல்போனில் பார்த்து, ஒன்றை வரவழைத்தீர்கள். பொங்கல் நேரத்துக் கால் கிலோ மல்லிகைப்பூவைவிட மலிவு. மினி பஸ்ஸின் ஜன்னலோரச் சீட்டில், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, டிக்கெட்டைக் காதில் செருகியபடி உட்கார்ந்திருந்தது ஒரு எருமை.

அன்றைக்கு முதல் ஆளாக மூஞ்சியைச் சுளித்தது நான்தான். மாயவரத்திலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு வாய் காபி குடித்ததும் நாத்தனார் நாட்டாமை செய்வது எனக்குப் பிறவிக்குணம். எருமை எமன் வாகனம், வீட்டுக்கு ஆகாது என்று ஒரே போடாகப் போட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "பாவம் வாசு, அது எமனை இறக்கிவிட்டுட்டு இப்பதான் பஸ்ஸில ஏறி உட்கார்ந்திருக்கு" என்றீர்கள். சொல்லிவிட்டு, படத்தைச் சுருட்டி உள்ளே எடுத்துப் போய்விட்டீர்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நீங்கள் இருந்தபோதே அந்தச் சுவர் சிரித்திருக்குமே அண்ணி. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "வாசு, அந்தக் காலி ஆணியில என்னைக் கொண்டுபோய் மாட்டிடாத. மாலையும் பல்பும் எனக்கு வேணாம். என்னைப் பார்த்தா சிரிப்பு வரணும், கும்பிடத் தோணக்கூடாது." அப்படியெல்லாம் பேசாதீங்க என்று அதட்டினேன். ஆனால் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டின தலை ஆட்டினதுதானே?

பதினாறாம் நாள் சமையலுக்காகப் பரணிலிருந்து அண்டாவை இறக்கினோம். உள்ளேயிருந்து நான்கு சுருள்கள் விழுந்தன. எருமைக்குத் துணையாக இன்னும் மூன்றை வாங்கியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியாமல். குடையைப் பிடித்துக்கொண்டு டீ குடிக்கிற காக்கா. விசில் அடித்துக்கொண்டு நிலாவுக்குப் பறக்கிற குக்கர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நடக்கிற வயல் நண்டு. வந்தவர்கள் முன்னால் நான் அழுதேன், நண்டைப் பார்த்துச் சிரித்தேன், மறுபடி அழுதேன். ஊர் என்ன நினைத்ததோ.

வருஷம் திரும்பியது. தலைத்திவசம் முடிந்து முதல் பொங்கல் வந்தது. கூடத்துக்கு வெள்ளையடித்து முடித்த அன்று, அண்ணன் தெற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே, உங்கள் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தாயிற்று என்றார். ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததற்கே முதலில் கோபம் வந்தது அவருக்கு. பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. "மாட்டலன்னா, ஒரே வருஷத்துல மறந்துட்டான்னு ஊர் பேசும். அவளை மறந்தவன்னு பேர் வாங்க என்னால முடியாது."



அதனால் பாதி ஜெயிப்போம் என்று முடிவு செய்தேன். உங்கள் படம் தெற்குச் சுவரில், நீங்கள் வாங்கின படங்கள் வடக்குச் சுவரில் என்று பேசிப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தடுக்கவில்லை. அது போதும் எனக்கு. மறுநாளே நான்கு சுருளையும் மாயவரத்தில், உங்கள் படத்தை அண்ணன் கொடுத்திருந்த அதே பிரேம் கடையில் கொடுத்தேன். ஒரே வீட்டு வேலைதானே என்று கடைக்காரர் அண்ணன் பெயரிலிருந்த சீட்டிலேயே இதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.

போகியன்று ஐந்தையும் செய்தித்தாளில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினேன். கூடத்தில் அண்ணன் இருந்தார், சித்தப்பாவும் இருந்தார். சித்தப்பாவுக்கு இப்போது பார்வை இன்னும் மங்கிவிட்டது, ஆனால் அதிகாரம் மங்கவில்லை. முதல் கட்டைப் பிரித்தேன். அண்ணி, என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை.

எருமைக்குச் சந்தன மாலை. கூலிங் கிளாசுக்கு நேர் மேலே, நெற்றி நடுவில், கண்ணாடியின் மேல் வட்டமாகக் குங்குமம். கீழே பல்பு. சும்மா பல்பு இல்லை, விட்டு விட்டு எரிகிற சிவப்புப் பல்பு. எரிகிறதா என்று பார்க்கலாமே என்று பிளக்கில் வேறு செருகித் தொலைத்தேன்.

சித்தப்பா எழுந்து நின்றார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மகராசி, நல்லா இரும்மா" என்றார் எருமையிடம்.

அண்ணன் முதலில் இருமினார். பிறகுதான் அது இருமல் இல்லை என்று தெரிந்தது. சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

நான் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பதறவே இல்லை. மாலை, பொட்டு, லைட்டு ஒன்றுக்கு, சாதா நான்குக்கு என்று சீட்டில் இருந்ததாம். எது எதற்கு என்பது இடம் மாறிப்போயிற்றாம். "நாங்க படத்தைப் பார்க்கறதில்லம்மா. சீட்டைத்தான் பார்ப்போம்" என்றார். ஆயுசு முழுக்கச் சாமிக்கும் செத்தவர்களுக்கும் மட்டுமே பிரேம் போட்ட மனிதர். எருமைக்கு மாலை போட்டதில் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அண்ணன் இன்னொரு கட்டைப் பிரித்து, மடியில் வைத்திருந்தார். சிரிப்பு நின்றிருந்தது.

நீங்கள்தான் அது. திருவாரூர் தேரன்று அவர் தன் செல்போனில் எடுத்த படம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, காற்றில் பறக்கிற முடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, எதற்கோ சிரிக்கிறீர்கள். மாலை இல்லை, பல்பு இல்லை. கண்ணாடிக்கு மேல் பொட்டு இல்லை; நீங்களே வைத்துக்கொண்ட பொட்டு மட்டும் இருந்தது. இப்போதுதான் தேர் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர் மாதிரி இருந்தீர்கள்.

அண்ணன் படத்தின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். மாலையை எருமையிடமிருந்து கழற்றி உங்களுக்குப் போடச் சொல்வார் என்று நான் சுத்தியலும் கையுமாகக் காத்திருந்தேன். அவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "மாலை போட்டாத்தான் இவ போனவளாயிடுவா. இப்படியே இருக்கட்டும்."

அதற்கப்புறம் என் கையில் வேலையே இல்லை. சுத்தியலை அவரே வாங்கிக்கொண்டார். தெற்குச் சுவருக்குப் போய், அந்தக் காலி ஆணியை நான்கு பக்கமும் ஆட்டிப் பிடுங்கினார். ஓட்டையை வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தார். ஆணி வளைந்திருந்தது; அம்மிக்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். வடக்குச் சுவரின் நடுவில் அதை அடித்து, உங்களை மாட்டினார். உங்களுக்கு இடப்பக்கம் எருமை, வலப்பக்கம் காக்கா, மேலே குக்கர், கீழே நண்டு. ஊர் பேசுமே என்று நான்தான் சீண்டினேன். பேசட்டும், வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும் என்றார். மாலையைக் கழற்றி அப்பா படத்துக்குக் கூடுதலாகப் போட்டோம். சிவப்புப் பல்பை மட்டும் எருமையிடமே விட்டுவைக்கச் சொன்னார் அண்ணன்.

ஊர் பேசியது அண்ணி. எப்படிப் பேசியது தெரியுமா? பொங்கலன்று வெற்றிலை பாக்கோடு வந்தவர்கள் முதலில் தெற்கே பார்த்துக் கும்பிட்டார்கள், அப்புறம் வடக்கே திரும்பிச் சிரித்தார்கள். உங்களை மறந்துவிட்டான் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. நீங்கள் மினி பஸ்ஸில் கண்டக்டரைக் கேலி செய்தது, நடவு ஆட்களுக்குக் கதை சொன்னது என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாட்டுப் பொங்கலன்று அண்ணன் தொழுவத்தில் எல்லா மாட்டுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கையில் மிச்சமிருந்த குங்குமத்தோடு கூடத்துக்குள் போனார். எந்த மாட்டுக்கு என்று நான் கேட்கவில்லை.

சித்தப்பாவுக்கு மட்டும் தான் கும்பிட்டது எதை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஆனால் காக்காப் படம் மாதிரி தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மேலத்தெருவில் இரண்டு வீட்டில் படம் வரைகிற அந்தப் பெண்ணின் இணையப் பக்கத்தை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தெற்குச் சுவரில் இருக்கும் உங்கள் மாமனார் இனிமேல் பொழுது முழுக்க எருமையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த மீசைக்குக் கீழே சிரிக்கிறாரா என்று அடிக்கடி பார்க்கிறேன். உங்களுக்கு அங்கிருந்து தெரிகிறதா?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனி ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்த ஈரம் காய்ந்ததும் நானே வந்து உங்களைத் துடைத்து அதே ஆணியில் மாட்டுவேன். என் கையில் தெம்பு இருக்கிற வரை, மாலையோடு யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்துவேன். வருஷம் ஒரு புதுப் படம் உங்களைச் சுற்றி ஏறும். வாங்கி அண்டாவில் ஒளிக்க மாட்டேன். நண்டுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஆணி அடிக்கவில்லை, இடம் மட்டும்தான். என் முறை வரும்போது, நல்லதாக ஒரு சிரித்த படமாகப் பார்த்து அங்கே மாட்டச் சொல்லி அண்ணனிடம் எழுதியே கொடுத்துவிட்டேன்.

அன்று மூஞ்சியைச் சுளித்து, இன்று உங்கள் சுவரைக் காவல் காக்கிற,
உங்கள் ஒரே நாத்தனார்
வாசுகி