புரிகிறதே என்று சந்தேகப்பட்டார்கள்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். நகராண்மைக் கழக ஆபீஸ் ஏர்கோன் மறுபடி படுத்துவிட்டது.

புதிய விதி வந்தேவிட்டது. சிறு நிறுவனங்களுக்கான குத்தகை வேலை டெண்டர் அறிவிப்பு இனி எளிய மலாயில், ஒரே பக்கத்தில். என்ன வேலை, யார் கேட்கலாம், எங்கே எப்போது வரவேண்டும், எல்லாம் தலைப்பிலேயே. முதல் சோதனை என் தலையில். உலு திராம் பூங்காக்களில் புல் வெட்டும் வேலை.

பழைய அறிவிப்பை எடுத்துப் பார்த்தேன். வேலையிடத்தைப் பார்வையிட முதலாளி நேரில் வராவிட்டால் விண்ணப்பம் செல்லாது. இந்த முக்கியமான சங்கதி கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்.

இதில் மாட்டியவர்தான் கமலாக்கா. அவரும் தங்கையும் புல் வெட்டும் மிஷின் வைத்துத் தொழில் செய்கிறார்கள். போன வருடம் விண்ணப்பத்தோடு கவுண்டருக்கு வந்தார். பார்வையிடும் நாள் முடிந்துபோச்சு என்றேன். அதற்கு முந்தின வருடமும் அதே கதை. விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

என்சிக் ஹமிட், என் மேலதிகாரி, கறாராகச் சொல்லிவிட்டார். பார்வையிடும் நாளில் புதுமுகம் யாரும் வராவிட்டால், எளிய மொழியால் பயனில்லை, பழையபடியே போகலாம் என்று மேலே எழுதிவிடுவாராம்.

வாங்க வேண்டியது: தௌகே முளைப்பயறு, சலவைத்தூள், மகன் ராமுவுக்குக் காலுறை.

ஜூலை 9, புதன்

எழுதி முடித்தேன். முதல் வரி: பூங்காவில் புல் வெட்டும் வேலை, சிறு நிறுவனங்கள் கேட்கலாம். அடுத்தது: திங்கள் காலை ஒன்பது மணிக்குப் பெரிய பூங்கா வாசலுக்கு முதலாளியே வாருங்கள், வராவிட்டால் விண்ணப்பம் செல்லாது.

என்சிக் ஹமிட் படித்துவிட்டு, இது அரசாங்க அறிவிப்பா கல்யாணப் பத்திரிகையா என்றார். கையெழுத்துப் போட்டார். அது போதும்.

பலகையில் ஒட்டியாச்சு. வாட்சாப்பிலும் போட்டாச்சு.

ராமுவுக்குக் காலுறை மறந்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

மழை. கேட்டு ஒரு போன்கூட இல்லை.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் போனை நீட்டினார். ஏதோ குரூப்பில் சுற்றுகிறது. என் அறிவிப்பேதான். மேலே சிவப்பில்: ஸ்கேம். யாரும் போகாதீங்க. அனுப்பியவர் கமலாக்கா.

உடனே அவருக்குப் போன் அடித்தேன்.

"அக்கா, அது நெசமான அறிவிப்புதான்."

"படிச்ச ஒடனே புரியுதும்மா. கவர்மெண்டு கடுதாசி என்னைக்குப் புரிஞ்சிருக்கு லா?"

"நான்தாங்க்கா எழுதினேன். கவுண்டர் புவனா."

"இப்பல்லாம் ஆபீசு ஆளு பேரச் சொல்லித்தான் ஏமாத்துறாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படின்னா திங்கக்கெழம பூங்காவுக்கு வாங்க. நான் அங்கதான் நிப்பேன். ஆள் சேத்துக்கிட்டு வந்து என்னைப் புடிச்சுக் குடுங்க."

வைத்துவிட்டார். வெட்கம், ஆத்திரம், அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது. எத்தனை பாடுபட்டு எழுதினேன். புரிவதே குற்றமாகிவிட்டது.

ஜூலை 14, திங்கள்

வெயில். எட்டரைக்கே பூங்கா வாசலில் நானும் என்சிக் ஹமிட்டும். ஒரு ஈ காக்கை இல்லை. அவர் வேண்டுமென்றே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதுக்கு ஒரு வேன். பின்னால் இரண்டு லாரி, நாலைந்து மோட்டார் சைக்கிள். முன்னால் கமலாக்கா, போனில் வீடியோ எடுத்துக்கொண்டே. தங்கை, உலு திராம் சீனத் தோட்டக்காரர், ஒரு மலாய்த் தம்பதி, இன்னும் யார் யாரோ. எல்லாரும் சொந்தமாக மிஷின் வைத்திருப்பவர்கள். மோசடிக்காரியைப் பிடிக்க வந்தவர்கள்.

கமலாக்கா கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். போன் கீழே இறங்கியது.

"அட, கவுண்டர்ல இருக்கிற புள்ள."

"நான்தான்னு சொன்னேன்ல."

"அப்ப இது நெசமாவே எங்களுக்குத்தானா?"

"ஒங்களுக்குத்தாங்க்கா. வந்தது வந்தீங்க, கையெழுத்துப் போடுங்க."

வரிசை பிடித்துப் போட்டார்கள். வருகைத் தாள் நிரம்பி, பின்பக்கமும் போனது. பேனா தீர்ந்தபோது என்சிக் ஹமிட் தன் பேனாவைக் கொடுத்தார்.

ஜெயித்துவிட்டேன். இதைப் பெரிய எழுத்தில் எழுதவேண்டும்போல் இருக்கிறது. ஜெயித்துவிட்டேன்.

ராத்திரி ரொட்டி சானாய், என் செலவு.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் தூறல். தேர்வுக் குழு முடிவு வந்தது. வேலை கமலாக்காவுக்கும் தங்கைக்கும். கவுண்டரில் நின்று ஒப்பந்தத்தை அவரே வரி வரியாகப் படித்து, ஒரு கேள்வி கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

என்சிக் ஹமிட் எல்லா அறிவிப்பையும் இப்படியே எழுதச் சொல்லிவிட்டார். அடியில் "இது மோசடி அல்ல" என்று சேர்க்கலாமா என்றார். மோசடிக்காரனும் அதைத்தானே எழுதுவான் என்றேன். சிரித்துவிட்டார்.

சாயங்காலம் அடுத்த அறிவிப்பு போட்டேன். கால்வாய் சுத்தம் செய்யும் வேலை. வீடு வந்து சேருவதற்குள் அதே குரூப்பில் சுற்றுகிறது. மேலே கமலாக்கா:

ஸ்கேம் இல்ல. புரியுதேன்னு பயப்படாதீங்க. போங்க.