கொச்சுத்ரேசியாவின் வால்வு

சாலக்குடி,
ஞாயிறு

அன்புள்ள பிலோமினாவுக்கு,

கர்த்தர் ஈசோவின் காவல் உங்கள் போபால் வீட்டின் மேல் இருக்கட்டும். உன் அக்கா கொச்சுத்ரேசியா இன்று முற்றத்தில் நடந்தாள். கஞ்சியும் பயறும் சாப்பிட்டாள். உப்பு போதவில்லை என்று, கட்டிய புருஷனென்றும் பாராமல் என்னைத் திட்டவும் செய்தாள்.

போனில் உன்னிடம் "சின்ன ஆபரேஷன்" என்றுதான் சொல்லியிருக்கிறாள். கீறல் மட்டும்தான் சின்னது. இதயத்து வால்வு ஒன்று சரியாக மூடாமல், முன்னே போகவேண்டிய ரத்தம் பின்னால் கசிந்துகொண்டிருந்தது. தேங்காய் பறிக்க ஏறினால், பாதி மரத்தில் மூச்சு வாங்க நின்றுவிடுவாள். கீழேயிருந்து கேட்டால், "காத்து வாங்குறேன், உங்களுக்கென்ன?" என்பாள்.

எர்ணாகுளத்தில் பத்மஜா டாக்டர் பார்த்தார். நெஞ்செலும்பைப் பிளக்காமல், வலது விலாவுக்கிடையில் சிறிதாகத் திறந்து, கேமராவை உள்ளே விட்டு, அவளுடைய வால்வையே தைத்துப் பார்க்கிறேன் என்றார். "முடியலைன்னா மாத்துவேன். இப்பவே சொல்லிடுறேன்." மறுபடி மரம் ஏறலாமா என்று உன் அக்கா கேட்டாள். "முதல்ல மாடிப்படி ஏறுங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

ஆபரேஷன் அன்று, சொன்ன நேரம் கடந்தும் தியேட்டர் கதவு திறக்கவில்லை. ஜெபமாலையில் எந்த மணியில் விட்டேன் என்று மறந்து மறந்து முதலிலிருந்து தொடங்கினேன். கடைசியில் டாக்டர் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கன்னத்தில் முகமூடி அழுத்திய தடம்.

"தைச்சு முடிச்சு இதயத்தை ஓடவிட்டோம். ஸ்கேன்ல இன்னும் கொஞ்சம் கசிவு தெரிஞ்சுது. வேற ஆளுன்னா அதோட விட்டிருப்பேன். மரம் ஏறுறவங்களுக்கு அது போதாதுன்னு தோணுச்சு. மறுபடி நிறுத்தி இன்னொரு தையல் போட்டேன். இப்ப கசியல."

இதயத்தை இரண்டாம் முறையும் நிறுத்தினார் என்றதும் சிலுவை போட்டுக்கொண்டேன். அப்படியே விட்டிருந்தால் எனக்கு என்ன தெரியப்போகிறது? தான் தைத்ததில் தானே குறை கண்டு, களைத்த கையோடு மறுபடி தொடங்கியிருக்கிறார். கும்பிடப் போனேன். "போய் ஏதாவது சாப்பிடுங்க லோனப்பன் சேட்டா" என்று எழுந்துபோனார்.

வீட்டுக்கு அனுப்பும்போது, சில குடும்பங்களில் இது கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கும், யாருக்காவது மூச்சு இரைக்கிறதா என்று கேட்டார். "ஒரே தங்கச்சி. கல்லு மாதிரி இருக்கா" என்றாள் உன் அக்கா, கேள்வி முடியுமுன்பே. காரில் வரும் வழியெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

பிலோமினா, ஈஸ்டருக்கு வந்தபோது தேவாலயப் படிக்கட்டில் இரண்டு தடவை நின்று செருப்பு வாரைச் சரிசெய்தாய். அன்று நீ போட்டிருந்த செருப்பில் வாரே இல்லை. நான் பார்த்தேன். அவளும் பார்த்திருக்கிறாள்.

இதை எழுதச் சொல்லி அவள் என்னிடம் கேட்கவில்லை. இந்த வாரமே இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன் எடுத்துவிடு, மோளே. ஒன்றுமில்லை என்று வந்தால் போனில் கூப்பிட்டு என்னை வாய்நிறையத் திட்டு. சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன். மாதா உன் கூடவே இருக்கட்டும்.

உன் சேட்டன்,
லோனப்பன்