உங்கள் வலப்பக்கத்தில் நின்றவன்

வாப்பா,

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தேன். உங்கள் தொழுகைப் பாய் கையில் வந்தது. எத்தனை தரம் கழுவிக் காயப்போட்டேன்! அத்தரும் கருவாடும் கலந்த அந்த மணம் இன்னும் போகவில்லை. உம்மா இருந்த காலத்தில், "இந்த மணத்தோட நிண்டா வானத்து மலக்குமார் கிட்ட வருவாங்களா?" என்று கேட்பார். "கருவாடு வாங்கவாச்சும் வருவாங்க" என்பீர்கள். அஸ்தஃபிருல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே நாங்கள் சிரிப்போம்.

இந்த ஆலங்குடாக் கரையில் அந்த மணத்தால்தானே எல்லாம் தொடங்கியது. தம்பி தன் பங்குக் காணியில், கடலில் பட்டம் கட்டிச் சறுக்க வரும் வெள்ளைக்காரர் தங்கக் கபானா என்று ஒரு குடில் கட்டினான். 'வெள்ளைக்காரன்ட கோழிக்கூடு' என்று நீங்கள் அதற்குப் பேர் வைத்தீர்கள். வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மரியாதையாகத்தான் கேட்டான்.

"வாப்பா, கருவாட்டுப் பந்தலக் கொஞ்சம் அங்கால தள்ளிப் போட ஏலுமா?"

அடுத்த நாள் விடிந்து பார்த்தால், பந்தல் முழுவதும் வேலியோரம் நிற்கிறது. அன்றைக்குக் காற்றும் உங்கள் கட்சி. கபானாவில் இருந்தவர்கள் மத்தியானத்துக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஒங்களுக்கு மகன விட மீன்தான் பெரிசி!" என்று தம்பி கத்தினான்.

"மீன் என்னத் தள்ளிப் போகச் சொல்லல்லயே" என்றீர்கள்.

அதுதான் கடைசிப் பேச்சு. பிறகு வருடக்கணக்காக ஒரு வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு என் வாயால்தான் கதைத்தீர்கள். இருவரும் என் முன்னால் நிற்கும்போதும் அப்படித்தான். "ஒன்ட தம்பிக்கிச் சொல்லு, அவன்ட தென்ன மட்ட என்ட பக்கம் விழுதுண்டு." "வாப்பாக்குச் சொல்லுங்க ராத்தா, எடுத்து அடுப்பில வைக்கச் சொல்லி." எனக்கு இயல்பாகவே வாய் நீளம் என்று ஊரே சொல்லும். உங்கள் இருவருக்கும் கதைத்துக் கதைத்தே என் தொண்டை காய்ந்து போனது.

நானும் சும்மா இருக்கவில்லை. நேர்ச்சை வைத்தேன், யாசீன் ஓதினேன். சொந்தத்தில் ஒரு கலியாணத்தில் உங்கள் இருவரையும் ஒரே சஹனில் உட்காரவைக்கச் சொல்லி ஆள் பிடித்தேன். ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுகிறவர்கள் எவ்வளவு நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்தேன். பெண்கள் பக்கத்துத் திரையை நீக்கிப் பார்த்தால், சோற்றுக்கு நடுவில் கத்தரிக்காயை வரிசையாக அடுக்கி வேலி கட்டி வைத்திருக்கிறீர்கள்! தம்பியும் அந்த வேலியைத் தாண்டவில்லை. கோழி முழுக்க உங்கள் பக்கம் இருந்தது. அவன் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழும்பினான். நான் திரைக்குப் பின்னால் நின்று சிரித்தேன், பிறகு அழுதேன். வேறென்ன செய்ய?

அதற்குப் பிறகுதான் அந்தப் பெருமழை வந்தது. கபானாவுக்குள் முழங்காலளவு தண்ணீர். தம்பியும் அவன் மனைவியான என் மச்சியும் நனைந்துகொண்டு மேட்டில் இருந்த நம் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"ஒன்ட தம்பிக்கிச் சொல்லு, சேத்துக் காலோட உள்ள வராமண்டு."

"வாப்பாக்குச் சொல்லுங்க ராத்தா, காலக் கழுவத்தான் வானத்தால ஊத்துதுண்டு."

பள்ளிவாசலுக்குப் போகும் பாதையும் தண்ணீருக்குள். அந்தி நேரத்து மஃரிபை வீட்டில்தான் தொழவேண்டும். நீங்கள்தான் தொழுகை நடத்தும் இமாம். பின்னால் நானும் மச்சியும். இன்னொரு ஆண் தம்பி மட்டும்தான். ஒரே ஓர் ஆண் என்றால் இமாமின் வலப்பக்கத்தில்தான் நிற்கவேண்டும், அது சட்டம். அவன் வந்து உங்கள் தோளோடு தோளாக நின்றான். நேர்ச்சைக்கும் சஹனுக்கும் நடக்காததை ஒரு மழை செய்தது என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

நீங்கள் ஓதினீர்கள். சின்னப் பிள்ளைகளும் ஓதும், குர்ஆனின் ஒரு சிறிய சூரா. பாதியில் நின்றீர்கள். திரும்ப முதலில் இருந்து வந்தீர்கள், திரும்ப அதே இடத்தில் நின்றீர்கள். தகரத்தில் மழை மட்டும் கேட்டது. அடுத்த சொல் என் நாக்கின் நுனியில் நிற்கிறது. ஆனால் தொழுகையில் இமாமுக்குத் தடுமாறினால் வாயால் எடுத்துக் கொடுப்பது ஆண்கள். பெண்கள் கையைத்தான் தட்டலாம். எனக்கு ஓதித் தந்தபோது நீங்களே சொன்னது. தட்டினேன். பிழை என்று தெரியுமே தவிர, அடுத்த சொல் என்னவென்று கை சொல்லுமா? திரும்பத் தட்டினேன். ஊருக்கெல்லாம் கதைக்கும் வாய் எனக்கு, அந்த நேரத்தில் உதவவில்லை.

பிறகு தம்பி மெதுவாக அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தான். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஓதி முடித்தீர்கள். தொழுகை முடிந்து சலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பிய உங்கள் முகம் இடப்பக்கம் வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"ஒன்ட தம்பிக்கிச் சொல்லு, எனக்கு ஓதல் மறக்கல்லண்டு."

"வாப்பாக்குச் சொல்லுங்க, மறந்தா நாளைக்கும் வாறனெண்டு."

தண்ணீர் வற்றியது, பாதை காய்ந்தது. அவன் பள்ளிக்குப் போகவில்லை. "வாப்பாக்கு முழங்கால் ஏலாது, தனியத் தொழ விட ஏலுமா?" என்று என்னிடம் சாக்குச் சொல்லிவிட்டு மஃரிபுக்கு வந்து நின்றான். நீங்களும் தவறாமல் அந்தச் சூராவின் அதே இடத்தில் சிக்கி நின்றீர்கள். நான் கவலைப்பட்டேன். ஆனால் ஒரு காலையில், கருவாடு புரட்டிக்கொண்டே அதே சூராவை நீங்கள் தண்ணீர் போல ஓதியதை வேலியோரம் நின்று கேட்டேனே!

"காலையில ஒழுங்கா ஓதுறீங்க, மஃரிபுக்கு மட்டும் ஏன் வாப்பா சிக்குது?"

"பின்னால நிக்கிறவ கை தட்டுற வேலையப் பாரு புள்ள."

அன்று மச்சியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மகனுடைய குரலைக் கேட்க ஒரு மனிதன் தொழுகையில் நாடகம் ஆடலாமா என்று பயமாகவும் இருந்தது. அல்லாஹ் மன்னிப்பான் என்று நானே உங்களுக்காகத் தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

ஆனால் பிறகு வேறு சூராக்களிலும் நின்றீர்கள். உப்பு வைத்த இடம் மறந்தது, உம்மா மௌத்தாகி மண்ணுக்குப் போனது மறந்தது. ஒரு நாள் மஃரிபில், ஒவ்வொரு தொழுகையிலும் ஓதும் ஃபாத்திஹாவிலேயே நின்றீர்கள். பிறந்ததில் இருந்து ஓதியது, வாப்பா. நான் கையைத் தூக்கினேன், தட்ட முடியவில்லை. தம்பி ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தான், நீங்கள் ஒவ்வொரு சொல்லாக வாங்கிக்கொண்டீர்கள்.

சலாம் கொடுத்து முடித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினீர்கள். என்னைப் பார்க்காமல், நேராக அவனிடம் கேட்டீர்கள்.

"தம்பி, நீங்க ஆர்ட ஊட்டுப் புள்ள?"

மச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கட ஊட்டுப் புள்ளதான் வாப்பா."

"அப்ப சரி. ஒங்கட ஓதல் நல்லாரிக்கி. நாளைக்கும் வாங்க."

குசினிக்குள் வந்து அவன் தண்ணீர் கேட்டான். "ராத்தா, வாப்பா என்னோட நேராக் கதைச்சிட்டார்" என்றான். சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருவரும் கதைக்கவேண்டும் என்றுதான் நான் துஆக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோடு கதைக்கிறீர்கள் என்று தெரிந்து கதைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க எனக்குத் தோன்றவில்லையே, வாப்பா.

நோன்பு வருவதற்குள் அல்லாஹ் உங்களை எடுத்துக்கொண்டான். எந்த நாள் வரைக்கும் நாடகம், எந்த நாளில் இருந்து மறதி என்று இப்போதும் யோசிக்கிறேன். கேட்டால் நீங்கள் சொல்லியிருக்கவும் மாட்டீர்கள்.

இன்று மஃரிபுக்கு உங்கள் பாயைத் தம்பிக்கு விரித்துக் கொடுத்தேன். அவன் முன்னால் நின்றான், நானும் மச்சியும் பின்னால். அவனுக்கு வலப்பக்கம் வெறும் தரை. அந்தச் சூராவைத்தான் ஓதினான். அதே இடத்துக்கு வந்து நின்றான். அவனுக்கு மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும், வாப்பா. என் வலக்கை இடக்கைக்கு மேலே எழும்பியது. தட்டவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு, அவன் காத்து நிற்கும் வரைக்கும் நானும் நின்றேன்.