வள்ளிக்கும் சேர்த்து வந்த போன்

வாயாடி வள்ளிக்கு,

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் நான்கு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் எதையும் முடிவு செய்து பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன்.

திருவண்ணாமலைக் கல்லூரியிலிருந்து மாறி, அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டைப் பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்கலாம் என்று சேர்ந்து விண்ணப்பித்தோமே, இடம் கிடைத்துவிட்டது. சென்னையில் நம் இருவருக்கும். உனக்குத் தெரியாமல் நான் போட்டிருந்த மதுரையில் எனக்கு மட்டும்.

ஆமாம், தெரியாமல்தான். திட்டாதே. சென்னையும் உலக அரசியலும் உன் ஆசை. எனக்குப் பிடித்தது மதுரையில் இருக்கும் உள்ளாட்சிப் பாடம். ஊராட்சிகளில் போய் உட்கார்ந்து படிக்க வேண்டுமாம். நம் ஊராட்சியில் தெருக்குழாய் எங்கே வைப்பது என்று நடக்கும் சண்டையைவிடவா உலக அரசியல் பெரிது? சொன்னால் சிரிப்பாய் என்று தள்ளிப்போட்டேன். பிறகு சொல்ல நீ இல்லை.

நீ போனபின், உனக்காகச் சென்னைக்கே போவது என்று இருந்தேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து போன். உங்கள் ஊரில் சிக்னல் எடுக்காது என்று இரண்டு விண்ணப்பத்திலும் என் நம்பரையே போட்டோம், நினைவிருக்கிறதா? நம் மலை ஊர்களில் யார்தான் அப்படிச் செய்யவில்லை? பாதி ஊரின் ஆதாரில் எங்கள் வீட்டு நம்பர்தான். வெள்ளிக்குள் முடிவு சொல்லச் சொன்ன அந்த அம்மா, "பேசறது வள்ளிங்களா?" என்றார். சட்டென்று போனை வைத்துவிட்டேன்.

உன் அப்பாவிடம் சொல்லப் போனேன். சாமை விதைக்கிற நிலத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். உனக்காகத்தான் சென்னைக்குப் போகிறேன் என்பதையும் சொன்னேன். கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அவ எடத்த சும்மா புடிச்சி வெக்காதம்மா, வேற புள்ளைக்காவது ஆவட்டும். அவளுக்கோசரம் நீ போயி இன்னா பண்ணப்போற? உனுக்குப் புடிச்சத படி."

அவர் முன்னால் அழக்கூடாது என்று நினைத்துப் போயிருந்தேன். அழுதுவிட்டேன்.

நேற்று நானே சென்னைக்குப் பேசினேன். முதலில் என் இடம் வேண்டாம் என்றேன். அது சுலபமாக இருந்தது. அடுத்து உன்னுடையது. வள்ளி இறந்துவிட்டாள் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன். அவர், "நீங்க அவங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

மூன்று மாதம் மூத்தவளாம், அதற்காக அக்கா என்று கூப்பிடச் சொல்லி ஐந்தாம் வகுப்பிலிருந்து என் உயிரை வாங்கினாய். ஒரு நாளாவது கூப்பிட்டேனா? "தங்கச்சி" என்று அவரிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை ஜமுனாமரத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் மதுரைக்குக் கிளம்புகிறேன். படித்துவிட்டு வந்து நம் கிராம சபையில் எழுந்து பேசுவேன். முதலில் கேட்கப்போவது உங்கள் ஊருக்கு ஒரு செல்போன் டவர். இது சத்தியம், அக்கா.

உன் தங்கச்சி
கோமதி